ஒரே குதிரைத்திறன், வேறு வேறு டிராக்டர்

இந்தியாவில் அதிகம் விற்பவை 41 முதல் 50 குதிரைத்திறன் வரை உள்ள நடுத்தர டிராக்டர்கள். மகிந்திரா 575 டிஐ, ஸ்வராஜ் 744, மாஸி பெர்குசன் 241, ஜான் டியர் 5050 டி, நியூ ஹாலண்ட் 3230, குபோட்டா எம்.யு. 4501, சோனாலிகா 745 என்று இந்த வகையில் பெயர்கள் நீளும். பெயர்கள் இத்தனை இருந்தாலும் முதலாளிகள் அத்தனை பேர் இல்லை. ஸ்வராஜ் நிறுவனம் 2007இல் மகிந்திராவிடம் வந்தது. ஐஷர் டிராக்டர் பிரிவை 2005இல் சென்னையின் டாபே வாங்கியது. பார்ம்டிராக், பவர்டிராக், குபோட்டா மூன்றும் இன்று எஸ்கார்ட்ஸ் குபோட்டாவின் கீழ் இருக்கின்றன. ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு வண்டிகளில் எது உசத்தி என்று டீக்கடையில் சண்டை போடுபவர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இந்த வண்டிகளைத் திருப்பூர் மாவட்டத்து விளைநிலத்தில் வைத்துப் பார்ப்போம். வெளியூரார் பனியனுக்காக அறியும் அந்த மாவட்டம், கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிந்து 2009இல் உருவானது. அதன் பரப்பில் பெரும்பகுதி இன்னும் விளைநிலமும் மேய்ச்சல் காடும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பதால் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழையே பெய்கிறது. பல்லடம், பொங்கலூர், குண்டடம் பக்கம் மானாவாரிச் சோளமும் கிணற்றுப் பாசனச் சின்ன வெங்காயமும், உடுமலை, குடிமங்கலம் கரிசலில் மக்காச்சோளமும் தென்னையும், மடத்துக்குளம் பகுதி அமராவதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்தில் கொறங்காடு எனப்படும் வேலியடைத்த மேய்ச்சல் நிலங்கள் மிச்சமிருக்கின்றன. இங்கே ஏர் இழுத்தவை காங்கேயம் காளைகள். பனியன் கம்பெனிகள் பெருகி ஷிப்ட் கணக்கில் கூலி தரத் தொடங்கிய பிறகு, காளையை மேய்க்கவும் ஏர் பிடிக்கவும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. அந்த இடத்தை நடுத்தர டிராக்டர் பிடித்துக்கொண்டது. அது காட்டை உழும், மட்டையைத் தூளாக்கும், டிரெய்லர் இழுக்கும், கோடையில் தண்ணீர் டேங்கரும் இழுக்கும்.

வாங்குபவர் முதலில் கேட்பது குதிரைத்திறன். பனியன் துணியை ஜி.எஸ்.எம். என்ற சதுர மீட்டர் எடை ஒன்றை மட்டும் பார்த்து வாங்குபவர் திருப்பூரில் இல்லை. நூலின் கவுன்ட், லூப் நீளம், சலவைக்குப் பின் சுருங்கும் அளவு எல்லாவற்றையும் விசாரித்த பிறகே ஆர்டர் பேசுவார்கள். டிராக்டரின் பானட்டில் எழுதியிருக்கும் எண்ணும் ஜி.எஸ்.எம். போன்றதுதான். உண்மையான எண், ஆனால் அதில் அடங்குவது கொஞ்சம்.

குதிரைத்திறன் என்பது வேலை நடக்கும் வேகம். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 0.735 கிலோவாட். எஞ்சினின் முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். விவரக் குறிப்புகளின்படி மகிந்திரா 575 டிஐ, குபோட்டா எம்.யு. 4501 இரண்டும் 45 குதிரைத்திறன் வண்டிகள். முதலாவது 4 சிலிண்டரில் 2,730 கன செ.மீ. கொள்ளளவுடன் நிமிடத்துக்கு 1,900 சுற்றில் அந்தத் திறனைத் தருகிறது. இரண்டாவதும் 4 சிலிண்டர்தான், ஆனால் 2,434 கன செ.மீ. கொள்ளளவுடன் 2,500 சுற்றில் தருகிறது. கணக்குப் போட்டால் அந்தந்தச் சுற்றில் முதல் எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 166 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் சுமார் 126.

முறுக்குவிசை கூடிய வண்டிதான் அதிகம் இழுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. வேகமாகச் சுழலும் எஞ்சினுக்குக் கியர்ப் பெட்டியில் கூடுதல் குறைப்பு விகிதம் வைத்திருப்பார்கள். ஒரே திறனுள்ள இரண்டு வண்டிகள் ஒரே வேகத்தில் போனால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு தெரிவது எஞ்சின் திணறும் நேரத்தில். கலப்பை திடீரென்று இறுகிய மண்ணில் மாட்டும்போது சுற்று குறையும். அப்போது முறுக்குவிசை எவ்வளவு ஏறுகிறது என்பதை டார்க் பேக்கப் என்கிறார்கள். பேக்கப் நிறைய உள்ள எஞ்சின் ‘தம்’ கட்டித் தாண்டிவிடும். இல்லாதது கியர் குறைக்கச் சொல்லும். காட்டைத் தினமும் ஓட்டுபவர் உணரும் ‘வண்டி பலம்’ பெரும்பாலும் இந்தப் பேக்கப்தான். விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடுவது அபூர்வம்.

உழவில் இன்னொரு எல்லை இருக்கிறது, அது எஞ்சினைச் சேர்ந்ததே அல்ல. பின் டயரின் ஆரம் சுமார் 65 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 16 முறைதான் சுற்றும். எஞ்சின் 1,900 சுற்று சுற்றினால் இடையில் 116க்கு 1 என்ற அளவில் குறைப்பு நடக்கிறது. பல்சக்கர இழப்பைக் கழித்த பிறகும் சக்கரத்தின் விளிம்பில் இரண்டரை டன் அளவுக்கு இழுவிசை தர எஞ்சினால் முடியும். ஆனால் வண்டியின் மொத்த எடையே 1.8 முதல் 2.1 டன். கலப்பை இறங்கிய நிலையில் பின் அச்சின் மேல் ஒன்றரை டன் போல விழும். உழுத மண்ணில் டயர் பிடிக்கக்கூடியது அந்தச் சுமையில் பாதி அல்லது சற்றுக் கூடுதல், அதாவது முக்கால் டன் முதல் 0.9 டன் வரை. அதற்கு மேல் எஞ்சின் தள்ளினால் சக்கரம் வழுக்கிச் சுற்றும், டயரும் டீசலும் வீணாகும். 0.9 டன் இழுவையை 4 கி.மீ. வேகத்தில் இழுக்கச் செலவாகும் திறன் வெறும் 13 குதிரைத்திறன் அளவே.

ஆகவே ஒன்பது கொத்துக் கலப்பையோ சட்டிக் கலப்பையோ பூட்டி மெதுவாக உழும் வேலையில் 42க்கும் 50க்கும் பெரிய வேறுபாடு தெரியாது. எடையும் டயரும் காற்றழுத்தமும்தான் அங்கே பேசும். ஸ்வராஜ் 744 போன்ற கனமான வண்டி செம்மண் காட்டில் ‘நின்று இழுக்கிறது’ என்று பெயர் வாங்கியதற்கு, அதன் 3,100 கன செ.மீ.க்கு மேற்பட்ட மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு இணையாக அதன் எடையும் காரணம். இலேசான வண்டிக்குப் பின் டயரில் தண்ணீர் நிரப்பியும் சக்கரத்தில் இரும்புத் தட்டு மாட்டியும் அந்தக் குறையைச் சரிக்கட்டலாம். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முழு எடையும் இழுவைக்குப் பயன்படுகிறது. சேற்றில் அது வரம். காய்ந்த செம்மண்ணில் அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது பெரும்பாலும் பெருமைக்குத்தான்.

எஞ்சினின் முழுத் திறன் உண்மையில் தேவைப்படுவது, பூட்டிய இயந்திரங்களைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டிலும் சாலையிலும். ரோட்டாவேட்டரும் தென்னை மட்டை தூளாக்கும் இயந்திரமும் பி.டி.ஓ.வில் ஓடுபவை, அங்கே டயரின் பிடி தடையில்லை. உலகெங்கும் பி.டி.ஓ.வின் முதன்மை வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அந்த வேகம் எஞ்சினின் எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதைக் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் இலேசான வேலைக்குக் குறைந்த எஞ்சின் சுற்றிலேயே 540 தரும் சிக்கன வேகம் இருந்தால் டீசல் மிச்சமாகும். எஞ்சின் திறனுக்கும் பி.டி.ஓ. திறனுக்கும் நடுவே சில குதிரைகள் வழியில் தொலைந்துபோகும். ஒப்பிட வேண்டிய எண் பி.டி.ஓ.வில் வருவது. 45 என்று எழுதிய வண்டியில் அது 40க்குச் சற்று முன்பின்னாக இருக்கும்.

50 என்ற எண்ணைச் சுற்றி இத்தனை மாடல்கள் நெருக்கியடிப்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 37 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்ற கடுமையான புகை வரம்பு 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதை எட்ட மின்னணுக் கட்டுப்பாட்டுக் காமன் ரெயில் எரிபொருள் அமைப்பு தேவைப்பட்டது, விலையும் ஏறியது. கோட்டுக்கு அடியில் நிற்கும் வண்டியில் பழைய இயந்திரப் பம்பே போதும். அதை ஊர் மெக்கானிக் கழற்றிப் பூட்டிவிடுவார் என்பதும் வாங்குபவர் மனதில் இருக்கிறது.

அடுத்தது சொகுசு. சொகுசு என்றவுடன் மெத்தை நினைவுக்கு வந்தாலும் டிராக்டரில் அது உடல்நலக் கணக்கு. காரில் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இருக்கின்றன. டிராக்டரின் பின் அச்சு உடலோடு நேரே போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. மண்ணுக்கும் ஓட்டுநரின் இடுப்புக்கும் நடுவே ஸ்பிரிங்காக இருப்பவை இரண்டே: டயரிலுள்ள காற்று, இருக்கைக்கு அடியிலுள்ள ஸ்பிரிங்.

டயரின் மேல் நிற்கும் டிராக்டர் மேலும் கீழும் ஆடும் இயல்பு அதிர்வெண் விநாடிக்கு 2 முதல் 4 முறை வரை. மனித உடலின் முதுகெலும்பும் வயிற்று உறுப்புகளும் 4 முதல் 8 வரையுள்ள அதிர்வுக்கு மிகவும் ஒத்திசைந்து ஆடுபவை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தது ஓட்டுநரின் துரதிர்ஷ்டம். முழு உடல் அதிர்வை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 2631 என்ற பன்னாட்டுத் தரம் முதலில் 1974இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் போட்ட விதியின்படி எட்டு மணி நேர வேலைக்கான சராசரி அதிர்வு முடுக்கம் 0.5 மீ/வி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. உழவு முடிந்து கட்டி பரந்து கிடக்கும் காட்டில் வேகமாகப் போகும் டிராக்டர் முதல் வரம்பைச் சுலபமாகத் தாண்டும். உழவு டிரைவர்கள் நாற்பது வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. கலப்பையைப் பார்க்க நாள் முழுக்கக் கழுத்தையும் முதுகையும் பின்னால் திருகி உட்காருவது அதைக் கூட்டுகிறது.

இருக்கை ஸ்பிரிங் எல்லா அதிர்வையும் தடுக்கும் என்பது தவறான நம்பிக்கை. எந்த ஸ்பிரிங் அமைப்பும் தன் இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்குக்கு மேலுள்ள அதிர்வைத்தான் குறைக்கும். அதற்குக் கீழே உள்ளதை அப்படியே கடத்தும், இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகில் வருவதைப் பெரிதாக்கவும் செய்யும். இறுக்கமான ஸ்பிரிங் உள்ள மலிவான இருக்கையின் இயல்பு அதிர்வெண் 2 என்றால், விநாடிக்கு 2.8 முறைக்குக் கீழான ஆட்டத்தில் அதனால் பயனில்லை. டிராக்டர் ஆடுவதோ பெரும்பாலும் அந்த எல்லையில்தான். நல்ல இருக்கையில் நீண்ட ஏற்ற இறக்கமும், மென்மையான ஸ்பிரிங்கும், ஆட்டத்தை அடக்கும் டேம்பரும், ஓட்டுநரின் எடைக்கேற்பத் திருகும் குமிழும் இருக்கும். அறுபது கிலோ ஆள், நூறு கிலோவுக்கு வைத்த இருக்கையில் அமர்ந்தால் கல் திண்ணையில் அமர்ந்தது போலத்தான். ஷோரூமில் கையால் அமுக்கி மென்மை பார்ப்பது ஸ்பாஞ்சைச் சோதிப்பது மட்டுமே.

செலவில்லாத ஒரு வழியும் உண்டு. காட்டு வேலைக்குப் பின் டயரில் 12 பி.எஸ்.ஐ. அளவு காற்று போதும் என்று கையேடுகள் சொல்கின்றன. டிரெய்லர் இழுக்கக் கூடுதலாக அடித்த காற்றைக் குறைக்காமலேயே உழப் போவது வழக்கமாகிவிட்டது. அதனால் டயர் மண்ணைத் தொடும் பரப்பு குறைகிறது, வழுக்கல் கூடுகிறது, ஒவ்வொரு கட்டியும் முதுகில் ஏறுகிறது. இழுவையும் சொகுசும் ஒரே திருகில் கெடுகின்றன.

எஞ்சின் நடுக்கம் வேறு வகை. மூன்று சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்களின் மேல்கீழ் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. ஆனால் எஞ்சின் நீளவாக்கில் முன்னும் பின்னும் ஆடப் பார்க்கும். நான்கு சிலிண்டரில் அந்த ஆட்டம் இல்லை, வெடிப்பும் 240 பாகைக்குப் பதில் 180 பாகைக்கு ஒன்றாகச் சீராக நடக்கும். ஆயினும் சுற்று வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் ஒரு செங்குத்து அதிர்வு மிஞ்சும். பிரிட்டிஷ் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் நூறாண்டுக்கு முன்பே அதற்கு மருந்து கண்டார்: எஞ்சினைப் போல் இரு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு எடைத் தண்டுகள். குபோட்டா எம்.யு. 4501இல் இந்த பேலன்சர் தண்டுகள் உள்ளன. 2,500 சுற்றில் ஓடும் எஞ்சினின் ஸ்டீயரிங்கில் கை மரத்துப்போகாமல் இருப்பதற்கு அவையே காரணம். மூன்று சிலிண்டர் வண்டிகள் குறைந்த சுற்றில் ஓடித் தப்பிக்கின்றன. நடுக்கம் கூடுதல்தான், ஆனால் பாகங்கள் குறைவு.

ஓசையைப் பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் சொல்லும் வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். 91 டெசிபல் என்றால் இரண்டு மணி நேரம். கேபின் இல்லாத டிராக்டரில் முழுப் பாரத்தில் ஓட்டுநரின் காதருகே 90ஐத் தாண்டுவது சாதாரணம். இருபது ரூபாய்க் காதடைப்பான் இதற்குப் போதுமான தீர்வு என்றாலும் போட்டுக்கொள்பவர்களைக் காண்பது அரிது.

தென்னந்தோப்பு தனி உலகம். 25 அடி இடைவெளியில் நிற்கும் மரங்களுக்கு நடுவே திரும்பும் வட்டம் சிறிதாக இருக்க வேண்டும், பவர் ஸ்டீயரிங் வேண்டும். மேலே நிமிர்ந்த சைலன்சர் மட்டையில் மாட்டும் என்பதால் கீழ்நோக்கி வளைந்த சைலன்சரையே உடுமலைப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் கேட்பார்கள். கியர்ப் பெட்டியின் இருபுறமும் காலைப் போட்டு உட்காரும் பழைய அமைப்பில் கோடைச் சூடு முழுக்கத் தொடையில் இறங்கும். தட்டையான மேடையும் பக்கவாட்டுக் கியரும் உள்ள வண்டியில் இது குறைவு. தலைக்கு மேல் பூட்டும் கூரை நிழல் தருமே ஒழிய, வண்டி கவிழ்ந்தால் காப்பாற்றாது. அதற்கென்று சோதித்த பாதுகாப்புச் சட்டகம் வேண்டும். புதிய டிராக்டர்களில் அதை 1959இலேயே கட்டாயமாக்கிய நாடு சுவீடன்.

கட்டுமானத் தரத்தைப் பலரும் தகரத்தைத் தட்டிப் பார்த்து அளக்கிறார்கள். டிராக்டருக்குத் தகரம் உடையே தவிர எலும்பு அல்ல. லாரிக்கு இருப்பது போல இதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர்ப் பெட்டி, பின் அச்சுக் கூடு நான்கும் வார்ப்பிரும்பில் செய்து ஒன்றோடொன்று பூட்டி அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. ஹென்றி போர்டின் 1917ஆம் ஆண்டு போர்ட்சன் டிராக்டர் பரவலாக்கிய அமைப்பு இது. கலப்பையை மூன்று புள்ளியில் தாங்கி, மண்ணின் இறுக்கத்துக்கேற்பத் தானே ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் ஏற்பாடு ஹாரி பெர்குசனுடையது. அது 1939இல் போர்டு 9என் வண்டியில் வந்த பிறகு உலக டிராக்டர்கள் எல்லாம் அந்த உருவத்துக்கு மாறின.

திருப்பூர் மாவட்டத்தில் வண்டியைத் தின்பது புழுதி. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்காகப் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அதே காற்று ஆனி, ஆடியில் காய்ந்த காட்டின் மண்ணைக் கிளப்புகிறது. 45 குதிரைத்திறன் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் காற்றை உறிஞ்சுகிறது. புழுதியிலுள்ள குவார்ட்ஸ் துகள் சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. வடிகட்டி சரியாக இல்லாவிட்டால் பிஸ்டன் வளையமும் சுவரும் அரைபட்டு, பத்தாண்டு உழைக்க வேண்டிய எஞ்சின் இரண்டு மூன்று பருவத்தில் புகை தள்ளத் தொடங்கும். எண்ணெய்த் தொட்டி வடிகட்டியைத் தினமும் பார்த்து எண்ணெய் மாற்றினால் மலிவு. பார்க்க ஆளில்லாவிட்டால் இரட்டைத் தாள் வடிகட்டி உள்ள உலர் வகை நல்லது. உலர் வகையில் தாளை உதறித் தட்டிக் கிழித்துவிட்டு மறுபடி மாட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கும் கொலை.

பிரேக்கும் அப்படியே. உலர் தட்டு பிரேக்கில் புழுதியும் சேறும் புகுந்து தேயும். எண்ணெயில் மூழ்கிய பிரேக் மூடிய கூட்டுக்குள் இருப்பதால் வருடக்கணக்கில் வரும். தண்ணீர் டேங்கர் இழுக்கும் வண்டிக்கு இது சொகுசு அல்ல, உயிர். 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன். இழுக்கும் வண்டியோ இரண்டு டன். அந்தப் பாரத்தோடு இறக்கத்தில் இடது, வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துக் கொக்கி போடாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுழன்றுவிடும்.

கடைசியாகச் சக்கரத்துக்கு முன்னால் முறுக்குவிசையைக் கூட்டும் இடத்தில் இரண்டு மரபுகள் உள்ளன. ஒற்றைப் பெரிய புல் கியர் ஒன்று. ஒரே விசையை மூன்று நான்கு சிறு பல்சக்கரங்கள் பகிர்ந்துகொள்ளும் பிளானட்டரி அமைப்பு இன்னொன்று. பின்னது சிறிய இடத்தில் அதிகப் பாரம் தாங்கும். முன்னதைக் கழற்றுவதும் சரிசெய்வதும் எளிது.

இவற்றையெல்லாம் வாங்குபவர் தானே சோதிக்க முடியாது. அமெரிக்காவில் விளம்பரத்தை நம்பி ஏமாந்த உழவர்கள் நூறாண்டுக்கு முன்பே இதைக் கண்டார்கள். மினியாபோலிசில் ஒரு கம்பெனி, போர்டு என்ற பெயருள்ள ஓர் ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு மட்டமான டிராக்டருக்கு அந்தப் பெயரையே சூட்டி விற்றது. ஹென்றி போர்டு தன் டிராக்டருக்குப் போர்ட்சன் என்று பெயர் வைக்க நேர்ந்தது அதனால்தான். அந்த வண்டியை வாங்கி நொந்தவர்களில் ஒருவரான வில்மட் குரோசியர் நெப்ராஸ்கா சட்டமன்ற உறுப்பினரானார். சோதனையில் தேறாத டிராக்டரை மாநிலத்தில் விற்கக் கூடாது என்ற சட்டம் 1919இல் வந்தது. முதல் சோதனை 1920இல் நடந்தது.

இந்தியாவில் அந்த வேலையைச் செய்வது மத்தியப் பிரதேசம் புத்னியில் 1955இல் தொடங்கிய மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 5994 முறைப்படி பி.டி.ஓ. திறன், இழுவைத் திறன், டீசல் செலவு, ஹைட்ராலிக் தூக்குதிறன், ஓசை, இருக்கையிலும் ஸ்டீயரிங்கிலும் கால் மேடையிலும் மைக்ரான் கணக்கில் அதிர்வு எல்லாம் அளக்கப்படுகின்றன. சேற்று வயலில் ஓட்டி எங்கெல்லாம் தண்ணீர் புகுந்தது என்று பார்க்கிறார்கள். கடைசியில் எஞ்சினைப் பிரித்து சிலிண்டர், பிஸ்டன் வளையம், கிராங்க் தண்டு ஆகியவற்றின் தேய்மானத்தை எழுதி வைக்கிறார்கள். இந்த அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. வங்கிக் கடனும் மானியமும் இந்தச் சோதனையைக் கேட்பதால் ஏறத்தாழ எல்லா மாடலுக்கும் அறிக்கை இருக்கும். ஒப்பிட விரும்புபவருக்கு யூடியூப் காணொளிகளைவிட நூறு மடங்கு பயனுள்ள ஆவணம் இது. அதைத் திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

விலைக்கேற்ற பயன் என்பது ஓடும் மணி நேரத்தைப் பொறுத்தது. ஒரு கணக்கைப் பார்க்கலாம். வண்டி 8 லட்சம் ரூபாய், பத்தாண்டு கழித்து இரண்டரை லட்சத்துக்கு விற்கிறது என்று கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 55,000. சராசரி முதலுக்கு 10 விழுக்காடு வட்டி 52,500. காப்பீடு, கொட்டகைக்கு 15,000. மொத்தம் 1,22,500 ரூபாய், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடினால் மணிக்கு 122 ரூபாய் விழும். 300 மணி நேரம் மட்டும் ஓடினால் 408 ரூபாய். டீசலும் டிரைவரும் பழுதும் இதற்கு மேல்.

இதே கணக்குதான் இரண்டு மாடல்களுக்கு நடுவிலும் தீர்ப்புச் சொல்கிறது. ஒரு வண்டி ஒரு லட்சம் கூடுதல் விலை, ஆனால் மணிக்கு அரை லிட்டர் டீசல் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் 92 ரூபாயில், 1,000 மணி ஓட்டும் வாடகை வண்டிக்காரருக்கு ஆண்டுக்கு 46,000 மிச்சம்; இரண்டே கால் ஆண்டில் போட்ட பணம் திரும்பும். 300 மணி ஓட்டும் தோப்புக்காரருக்கு 13,800. வட்டியைச் சேர்க்காமலே ஏழு ஆண்டுக்கு மேல். ஒருவருக்கு நல்ல வண்டி மற்றவருக்கு நல்ல வண்டி ஆகாது.

மறுவிற்பனை விலை வண்டியின் தரத்தைவிட ஊரின் பழக்கத்தைக் காட்டும். எந்த மாடல் அந்த வட்டாரத்தில் நிறைய ஓடுகிறதோ அதற்கு மெக்கானிக் உண்டு, பழைய ஸ்பேர் உண்டு, வாங்க ஆளும் உண்டு. மாஸி பெர்குசன் வண்டியைச் செய்யும் டாபேயும் அதற்கு எஞ்சின் தரும் சிம்சனும் சென்னையைச் சேர்ந்தவை என்பதால் அந்த வண்டிக்குத் தமிழ்நாட்டில் அந்த வசதி பழையது. விதைப்பு ஈரம் மூன்று நாள் நிற்கும் ஊரில், ஸ்பேர் வர ஐந்து நாள் ஆகும் வண்டி எவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பம் கொண்டிருந்தாலும் அந்தப் பருவத்துக்கு இரும்புக் கட்டிதான். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது வாங்கும் விலையைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறது. மணிக்கணக்கை அது பெரிதாக மாற்றவில்லை.

இத்தனையும் வைத்துப் பார்த்தால் திருப்பூர் மாவட்டத்துக்கு ஒரே சிறந்த டிராக்டர் என்று எதுவும் இல்லை. பல்லடம், குண்டடம், மூலனூர் மானாவாரிக் காட்டுக்கும் டிரெய்லர் ஓட்டத்துக்கும் எடை கூடிய, குறைந்த சுற்றில் ஓடும், எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள இரு சக்கர இழுவை வண்டி போதும். உடுமலைத் தோப்புக்கு இலேசான, நடுக்கம் குறைந்த, சின்ன வட்டத்தில் திரும்பும் வண்டி கூடுதல் விலைக்குத் தகும், ஏனென்றால் அங்கே பி.டி.ஓ. வேலைதான் பாதி. அமராவதிப் பாசனத்துச் சேற்று உழவுக்கு நான்கு சக்கர இழுவையும் நல்ல சீல்களும் வேண்டும். தமிழ்நாட்டின் சராசரி நிலவுடைமை 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி முக்கால் எக்டேர். ஆண்டுக்கு 300 மணி நேரம்கூட ஓட்ட வேலை இல்லாத உழவர், வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை வண்டியையோ பக்கத்துக் காட்டுக்காரரின் வண்டியையோ மணிக்கணக்கில் அமர்த்திக்கொள்வதே லாபம்.